ஒரே பொத்தான், ஒரே குடும்பம்

பொதுமக்களின் துன்பத்தைக் குறைத்தே தீருவது என்று குடிமக்கள் பதிவுத் துறை ஒரு நாள் முடிவு செய்தது. அதுவரை அந்தத் துன்பம் தனித்தனி அறைகளில் வைக்கப்பட்டிருந்தது. பிறப்புக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை, இறப்புக்கு அதன் எதிர் அறை, கல்யாணத்துக்கு மாடியில் ஒன்று, வளர்ப்புப் பிராணிகளுக்குப் பின்பக்கம் சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒன்று. பிள்ளை பெற்றவர்கள் அறை மாறி நுழைந்து ஆழ்ந்த அனுதாபங்களைப் பெற்றுக்கொண்டு வெளியே வருவது உண்டு. ஆனாலும் ஓர் ஆளுக்கு ஒரு நாளில் ஒரு துன்பம்தான் என்ற கணக்கு இருந்தது.

அப்படியிருக்கையில் துறையின் இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போனார். அங்கே காலர் இல்லாத சட்டை போட்ட ஒரு மனிதர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, கடைசியில் ஒரே ஒரு பொத்தானை அமுக்கினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பொத்தான் என்ன செய்தது என்று இயக்குநருக்குப் புரியவில்லை. கைதட்டல் நன்றாகப் புரிந்தது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் காலர் இல்லாத சட்டை நாலு தைத்துக்கொண்டார். இரண்டாவது வேலையாகத் துறையின் கணினிப் பொறியாளரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் காதில் பாட்டுக் கேட்கிற கருவியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எல்லாப் படிவமும் ஒரே பக்கத்துல வரணும். கீழே ஒரே ஒரு பொத்தான். முடியுமா?"

"முடியும் சார். மேலே குடும்பத் தலைவர், அவருக்குக் கீழே கல்யாணம், பிறப்பு, இறப்பு, பிராணி. எல்லாத்தையும் தலைவரோட கோத்துடலாம். தேவையில்லாத படிவத்தை ஜனங்க காலியா விட்டுடலாம்."

"காலியாவா? அரசாங்கம் கொடுக்கிறதைக் காலியா விடுறதுக்கு அவங்க யாரு?"

"சரி சார். அப்புறம், ஒண்ணுல தப்பு இருந்தா மத்ததையும் சேமிக்கக் கூடாது. பாதி ஏறி பாதி நின்னா குழப்பம்."

"ஒருத்தன் தப்பு பண்ணா எல்லாரும் அனுபவிக்கணும். அதுக்குப் பேர்தானேம்மா குடும்பம்."

பொறியாளர் அதையும் குறித்துக்கொண்டாள். மாதிரிப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் இயக்குநருக்கு முகம் சுருங்கியது. "தலைவர் பெயர், மணமகள் பெயர், குழந்தை பெயர், இறந்தவர் பெயர், பிராணி பெயர். எத்தனை தடவை இதையே சொல்றது? மாநாட்டுல எல்லாம் பளிச்சுன்னு இருந்தது. வெறும் 'பெயர்' போதும்."

"வெளியே வேணா அப்படி வச்சுக்கலாம் சார். உள்ளே ஒவ்வொரு படிவத்துக்கும் முன்னால ஓர் அடையாளம் இருக்கணும். இல்லைன்னா ஒருத்தர் பெயர் இன்னொருத்தர் மேல போய் விழுந்துடும்."

"ஒரே குடும்பத்துக்குள்ள என்னம்மா உன்னுது என்னுது? எடுத்துடு."

அவள் எடுத்துவிட்டு, கருவியைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டாள். மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. "குடிமக்களின் நலன் கருதி, ஒன்றோடொன்று உறவுடைய படிவங்கள் யாவும் இனி ஒரே பக்கத்தில், ஒரே பொத்தானின் கீழ்க் குடியமர்த்தப்படுகின்றன." பழைய அறைகள் பூட்டப்பட்டன. பூட்டைத் திறப்பதற்கான படிவம் பூட்டிய அறைக்குள் இருந்தபடியால் அவை பூட்டியே இருந்தன.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, பழுதான கடிகாரங்களைச் சரிசெய்யும் கடிகாரக்காரர் ஒருவர் தன் கடையில் ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே, சாவி வெட்டும் கடைக்கும் குடைக் கடைக்கும் நடுவே அவர் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். நாற்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் பெண்ணைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார் என்பது அவருடைய அக்காவின் குற்றச்சாட்டு. அது உண்மைதான். ஒரு வீட்டில் கடிகாரத்தைக் கழற்றிச் சரிசெய்து மாட்டிவிட்டும் வந்திருக்கிறார்.

அவருக்கு இருந்த ஒரே துணை ஒரு நாய். குரைக்கும்போது நாலு குரை குரைத்துவிட்டு, எதிராளியின் பதிலை எதிர்பார்ப்பது போலக் கொஞ்சம் நிறுத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மேலே தொடரும். அதனால் தெருக்காரர்கள் அதற்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தார்கள். கடை வாசலில் படுத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களின் வழக்குகளை அது கவனித்து வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நாய் வண்டி வந்து வக்கீலை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கழுத்தில் உரிம வில்லை இல்லை என்பது குற்றம். கடிகாரக்காரர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கக்கூட மறந்து காப்பகத்துக்கு ஓடினார். கம்பிக் கதவுக்குப் பின்னால் வக்கீல் வாதாடிக்கொண்டிருந்தது. காவலாளி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வெள்ளிக்கிழமைக்குள்ள உரிமத்தைக் கொண்டு வாங்க. இல்லைன்னா தகுதியுள்ள வேற குடும்பத்துக்கு மறு ஒதுக்கீடு செஞ்சுடுவோம்."

"அது என் நாய்ங்க. என்னைப் பாத்ததும் எப்படிக் குதிக்குது பாருங்க."

"குதிக்கிறதை எல்லாம் ஆதாரமா எடுத்துக்க விதியில்லை."

கடிகாரக்காரர் நேரே பதிவுத் துறைக்குப் போனார். நீளமான கூடத்தில் ஒரு டஜன் கணினிகள், அவற்றுக்கு எதிரே பெஞ்சுகள், பெஞ்சுகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. நாயின் பெயர், நிறம், வயது எல்லாம் அடித்து, கீழே இருந்த அந்தப் பெரிய பச்சைப் பொத்தானை அமுக்கினார். பக்கம் சிவந்தது. "இறந்தவர் விவரம் நிரப்பப்படவில்லை. தயவுசெய்து ஒருவரைத் தேர்வு செய்யவும்" என்றது. அதோடு, அடித்ததெல்லாம் அழிந்துபோனது.

உதவி மேசையில் இருந்த அம்மாவிடம் போனார். அவர் மேசையில் "புன்னகையே எங்கள் சேவை" என்று ஒரு பலகை இருந்தது. அந்தச் சேவை அன்றைக்கு இல்லை.

"எனக்கு நாய் உரிமம் மட்டும்தான் வேணும்."

"மட்டும்னு ஒண்ணு இப்ப இல்லைங்க. எல்லாம் உறவுள்ள படிவங்கள். ஒண்ணை விட்டா உறவு அறுந்துடும்."

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க."

"அப்ப அதை முடிச்சிட்டு வாங்க."

"குழந்தை கேக்குது."

"அது கல்யாணத்துக்கு அப்புறம்தான் வரிசைப்படி வரும். அவசரப்படாதீங்க."

"இறந்தவர் யாருன்னு கேக்குது. எங்க வீட்ல சமீபத்துல யாரும் சாகலை."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வயசானவங்க யாராவது இருக்காங்களா?" என்று, உதவும் எண்ணத்தோடுதான் கேட்டார்.

கடிகாரக்காரர் பெஞ்சில் போய் விழுந்தார். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்டு, தோளில் தபால் பையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கடிகாரக்காரர் வயதுதான் இருக்கும். அந்தப் பேட்டைக்கே தபால் கொடுப்பவர். உதவி மேசையில் நடந்ததை முழுக்கக் கேட்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உங்களுக்கு நாயா? எனக்கு அப்பா" என்றார் தபால்காரம்மா.

"காணாமப் போயிட்டாரா?"

"போய்ச் சேந்துட்டார். மூணு மாசம் ஆச்சு. ஆனா சான்றிதழ் இல்லாம அவர் இறந்ததா யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. அவர் பேருக்கு ஒரு பதிவுத் தபால் வந்திருக்கு. அவரே கையெழுத்துப் போட்டு வாங்கணும். தினமும் நானே எடுத்துட்டுப் போய், என் வீட்டுக் கதவை நானே தட்டி, ஆள் இல்லைன்னு நானே எழுதி, மறுபடி ஆபீசுக்கே கொண்டு வர்றேன். கதவு தட்டற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரங்க என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க."

கடிகாரக்காரர் சிரிக்கக் கூடாது என்று நினைத்தார். முடியவில்லை. தபால்காரம்மாவும் சிரித்துவிட்டார். அப்பா போனதிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதிரே இருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தபால்காரம்மா, முகவரி சரிபார்க்கிற குரலில் சொன்னார்:

"உங்ககிட்ட நாய் இருக்கு. என்கிட்ட இறந்தவர் இருக்கார். நடுவுல ஒரு கல்யாணம்தான் குறையுது."

எந்தக் கடிகாரத்துக்கு எங்கே எண்ணெய் விட வேண்டும் என்று தெரிந்த மனிதருக்குத் தன் நாக்குக்கு எங்கே விடுவது என்று தெரியவில்லை. "நீங்க... வீட்ல கேக்க வேண்டாமா?" என்றார்.

"கேக்க வேண்டியவர்தான் அந்தப் படிவத்துல இருக்கார்."

கடிகாரக்காரர் கூடத்துக்கு வெளியே போய் அக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

மறுமுனையில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. "பொண்ணு யாருடா?"

"தபால் கொடுக்கிறவங்க. இப்பத்தான் பெஞ்சுல பாத்தேன். வக்கீலை வெளியே எடுக்கணும் அக்கா, அதுக்காகத்தான்."

"எதுக்காகவோ பண்ணித் தொலைடா. அந்த ரூம்ல கடிகாரம் இருக்கா?"

"இருக்கு. ஏழு நிமிஷம் மெதுவா ஓடுது."

"அதைத் தொடாதே. அப்படியே திரும்பி நடந்து அந்தப் பொண்ணு பக்கத்துல போய் உக்காரு."

கல்யாணமும் இறப்பும் பிராணியும் ஆயிற்று. பிறப்புதான் பாக்கி. அதற்கும் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பின்பெஞ்சில் ஒரு பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும் கைக்குழந்தையோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை இருந்தது. இறந்தவர் இல்லை, நாய் இல்லை. "நாய்க்கு எங்க போவேன்? என் மாமனார் வேற கல்லு மாதிரி இருக்கார்" என்று ஓட்டுநர் அலுத்துக்கொண்டார். அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளினார்.

கடிகாரக்காரர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ஓட்டுநர் யோசிக்கவே இல்லை. "அப்ப இனிமே நீங்க எனக்கு அண்ணன். அண்ணி, வணக்கம்" என்று தபால்காரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தின் ஓரத்தில் "மேலும் ஒருவரைச் சேர்க்க" என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் ஒரு தம்பி முளைத்தார். மறுபடி அமுக்கினால் தம்பி மனைவி.

இந்தச் செய்தி பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. அரை மணி நேரத்தில் கூடம் சந்தையாகிவிட்டது. "ஒரு பிறப்பு இருக்கு, ஒரு மரணம் இருந்தா சொல்லுங்க" என்று ஒருவர் கூவினார். "ரெண்டு பூனை இருக்கு, நாயா மாத்திக்கலாமா?" என்று இன்னொருவர் விசாரித்தார். ஏழு பிள்ளை பெற்ற ஓர் அம்மாள், அதுவரை யாரும் மதிக்காத அந்த அம்மாள், நடுவே நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டார். ஆனால் தனித்தனியாகச் சேர்ந்தால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதோ ஒன்று குறைந்தது. ஓட்டுநர்தான் வழி சொன்னார். அவர் தினமும் ஐம்பது பேர் ஏறுகிற வண்டியில் நூறு பேரை ஏற்றிப் பழகியவர்.

"எதுக்குத் தனித்தனியா? அந்தச் சின்னப் பொத்தானுக்கு எல்லை இருக்கா என்ன? எல்லாரும் எங்க அண்ணன் குடும்பத்துலயே ஏறிக்குங்க. உள்ளே தள்ளிப் போங்க, இடம் இருக்கு."

ஏறினார்கள். சித்தப்பா, பெரியம்மா, மைத்துனர், ஒன்றுவிட்ட அத்தை என்று கடிகாரக்காரர் அடித்துக்கொண்டே போனார். காலையில் தனியாளாக வந்தவருக்கு மாலைக்குள் கூடம் நிறைய உறவு. சித்தப்பா ஆனவர் உடனே பெரியம்மா ஆனவரோடு பழைய சொத்துத் தகராறு போல முறைத்துக்கொண்டார். அப்போதே அது அசல் குடும்பமாகிவிட்டது. கடைசியாக, பக்கத்தின் அடியில், பிராணியின் பெயர் கேட்ட இடத்தில் "வக்கீல்" என்று அடித்து, கடிகாரக்காரர் பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

பக்கம் சிவக்கவில்லை. "வாழ்த்துகளும் அனுதாபங்களும்" என்று வந்தது. கூடமே கைதட்டியது. மூலையில் இருந்த இயந்திரம் ஒரு நீண்ட தாளைத் துப்பியது. தபால்காரம்மா அதை எடுத்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் மெலிந்துகொண்டே போனது.

குடும்பத் தலைவர்: வக்கீல். மணமகன்: வக்கீல். மணமகள்: வக்கீல். பிறந்த குழந்தை: வக்கீல், ஆண், மூன்று கிலோ. இறந்தவர்: வக்கீல். சித்தப்பா, பெரியம்மா, மைத்துனர், ஏழு பிள்ளைகள் எல்லாரும் வக்கீல். வளர்ப்புப் பிராணி: வக்கீல், பழுப்பு நிறம்.

கடைசியில் அடித்த பெயர் மேலே போய் எல்லார் தலையிலும் விழுந்திருந்தது.

இரண்டு பேரும் தாளைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்கள். கணினிப் பொறியாளரும் அங்கே இருந்தாள். தாளைப் பார்த்ததும் அவள் காதுக் கருவியைக் கழற்றினாள்.

இயக்குநர் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே பெயரை வச்சிட்டு இங்க வந்து குறை சொல்றீங்களே" என்றார்.

"நாங்க வைக்கலைங்க. உங்க பக்கம் வச்சது."

"கணினி தப்புப் பண்ணாது. பண்ணியிருந்தா சிவப்பு வந்திருக்கும். சிவப்பு வந்ததா?"

"வரலை."

"அப்ப நீங்க வக்கீல்."

"திருத்தணும்னா என்ன செய்யறது?" என்று தபால்காரம்மா கேட்டார்.

"அதே பக்கத்துல திருத்த விண்ணப்பம் இருக்கு. ஆனா அதுக்கு இன்னொரு கல்யாணம், இன்னொரு குழந்தை, இன்னொரு இறந்தவர் வேணும்." இயக்குநர் ஓட்டுநரின் மாமனாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை. இல்லாவிட்டால் யோசனை சொல்லியிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் காப்பகத்துக்குப் போனார்கள். காவலாளி தாளை மேலிருந்து கீழாகப் படித்தார்.

"உரிமையாளர் வக்கீல்னு இருக்கு. நீங்க யாரு?"

"நானும் வக்கீல்தான்" என்றார் கடிகாரக்காரர். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. பையைத் துழாவி, தன் பழைய அடையாள அட்டையை நீட்டினார். அதில் அவருடைய பழைய பெயர் இருந்தது.

"இது சரிப்படாது. குடும்பத் தலைவர் வக்கீல் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அவர் எங்கே?"

"உள்ளே இருக்கார்."

"உள்ளேன்னா?"

"மூணாவது கூண்டு."

காவலாளி திரும்பிப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். முப்பது வருஷச் சேவையில் இப்படித் தெளிவான ஆவணத்தை அவர் கண்டதில்லை. உரிமையாளர் பெயரும் நாயின் பெயரும் பொருந்தின, நிறம் பொருந்தியது, ஆளும் இருப்பில் இருந்தார். கூண்டைத் திறந்து, நாயின் முன்னங்காலை மையில் அழுத்தி, பதிவேட்டில் வைத்தார். வக்கீல் தன்னைத் தானே பெற்றுக்கொண்டது. வெளியே வந்து கடிகாரக்காரர் மேல் தாவி, அவர் மூக்கு, காது, கன்னம் எல்லாவற்றையும் நக்கியது. பிறகு தபால்காரம்மாவைப் பார்த்து நாலு தடவை குரைத்து, நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்தது.

"எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் தபால்காரம்மா. நாய்களோடு ஆயுள் முழுக்கப் பகையாக இருக்கும் தொழில் அவருடையது. அதனால் அந்த வார்த்தைக்குக் கனம் உண்டு.

திரும்பி வரும் வழியில் கடிகாரக்காரர் மெல்லச் சொன்னார்: "பாத்தா, வக்கீலுக்கும் வக்கீலுக்கும்தான் கல்யாணம் ஆயிருக்கு. நமக்கு ஆன மாதிரி இல்லை."

"சட்டப்படி ஆகலைதான்."

வக்கீல் இரண்டு பேருக்கும் நடுவே புகுந்து நடந்தது.

"ஆனா அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றார் அவர்.

"நானும் லீவு சொல்லிட்டேன்" என்றார் தபால்காரம்மா.

அன்று மாலை தபால்காரம்மா அப்பாவின் பதிவுத் தபாலை எடுத்து வந்தார். குடும்பத் தலைவர் எந்த உறுப்பினரின் தபாலையும் பெற்றுக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. தலைவர் வாலை ஆட்டியபடி கால் தடம் வைத்தார். உறையைப் பிரித்தால், அப்பா இறந்த விவரத்தை உரிய காலத்தில் அவரே நேரில் வந்து தெரிவிக்காததற்கு விளக்கம் கேட்டுத் துறை எழுதியிருந்தது. தபால்காரம்மா சிரித்தார், பிறகு அழுதார், பிறகு கடிகாரக்காரர் கொடுத்த தேநீரைக் குடித்தார். விளக்கத்தாளின் கீழேயும் ஒரு கால் தடம் வைத்து அனுப்பினார்கள். மறுவாரம் "விளக்கம் ஏற்கப்பட்டது" என்று பதில் வந்தது.

இந்தப் பதில்தான் ஊரைக் கலக்கியது. ஒரு விளக்கம் ஒரே வாரத்தில் ஏற்கப்பட்டதை அங்கே யாரும் பார்த்ததில்லை. அந்தத் துறை எதற்கெடுத்தாலும் குடும்பத் தலைவரின் ஒப்புதல் கேட்டது. மற்றக் குடும்பங்களில் தலைவர் ஊரில் இருக்க மாட்டார், அல்லது மைத்துனரோடு பேச மாட்டார், அல்லது கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். இந்தக் குடும்பத்தில் தலைவர் எப்போதும் கடை வாசலில் படுத்திருந்தார். காலைத் தூக்கிவிட்டால் போதும்.

ஆகவே ஜனங்கள் சின்னப் பொத்தானை அமுக்கிக் குடும்பத்தில் ஏறிக்கொண்டே இருந்தார்கள். முதலில் பேருந்து நிலையத்தார், பிறகு சந்தைத் தெரு, பிறகு பெரிய வீட்டுக்காரர்கள். "வக்கீலுக்கு நாங்க ரொம்ப நெருக்கம், முதல் நாளே சேந்தவங்க" என்று சொல்லிக்கொள்வது கௌரவமாயிற்று. நாகரிகப் பெண்கள் பழுப்பு நிறத்தில் உடுத்த ஆரம்பித்தார்கள். பேச்சின் நடுவே நிறுத்தித் தலையைச் சாய்த்துப் பார்ப்பது கல்லூரிகளில் பரவியது. ஊரில் இருந்த அத்தனை குடும்பங்களும் ஒன்றாகக் குறைந்தன. நிர்வாகத்தை இந்த அளவுக்கு எளிமைப்படுத்தியதற்காக இயக்குநருக்கு ஒரு விருது கொடுத்தார்கள். விருது வாங்க விவரம் பதிய வேண்டுமென்று சொன்னதால் அவரும் அதே பக்கத்தில் பதிந்தார். விருதில் வக்கீல் என்று பொறித்திருந்தது.

பொறியாளர் ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் பக்கத்தைச் சரிசெய்தாள். அவரவர் பெயர் அவரவருக்கு, தேவையில்லாத படிவத்தைக் காலியாக விடலாம். "பழைய பெயருக்கும் சொந்தக் குடும்பத்துக்கும் திரும்ப விரும்புகிறீர்களா?" என்று ஒரு கேள்வி, பக்கத்தில் ஒரு பொத்தான். அதை வேண்டுமென்று அமுக்கியவர் யாருமில்லை. ஓட்டுநரின் மாமனார் மட்டும் தவறுதலாக அமுக்கிவிட்டு, அழுதுகொண்டே மறுபடி வந்து சேர்ந்தார்.

கடிகாரக்காரர்தான் மாறிப்போனார். ஆரம்பத்தில் வந்தவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, வக்கீலின் காலை அவரே துடைத்து, தடம் வைத்துக் கொடுத்தார். கூட்டம் குடைக் கடையைத் தாண்டியதும் ஒரு கயிறு கட்டினார். அது வளைந்து மறுபக்கம் சாவிக் கடையையும் தாண்டியதும் சீட்டு கொடுத்தார். பிறகு கடைக்கண்ணாடியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். லென்ஸை எடுக்காமலேயே ஆட்களைப் பார்க்கப் பழகினார். தபால்காரம்மா மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்தால், அவரிடமும் ஒரு தடவை "அடுத்து" என்றார்.

"அடுத்துன்னு என்னைச் சொன்னா, வீட்ல அடுத்தடுத்து நிறைய இருக்கும்" என்றார் தபால்காரம்மா. அன்றிலிருந்து கடிகாரக்காரர் அவரை மட்டும் பெயர் சொல்லி அழைத்தார். அதாவது, வக்கீல் என்று.

ஒரு திங்கட்கிழமை, வரிசையின் நடுவிலிருந்து காலர் இல்லாத சட்டை ஒன்று மெல்ல நகர்ந்து ஓட்டைக்கு எதிரே வந்தது. இயக்குநர். கையில் தன் மகளின் கல்யாணத் தாள்.

"தலைவர் ஓய்வுல இருக்கார்" என்றார் கடிகாரக்காரர், தலை நிமிராமல். "நாளைக்கு வாங்க."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க."

"நேத்து சொன்னது இன்னைக்கு. இன்னைக்குச் சொல்றது நாளைக்கு. தெளிவாத்தானே இருக்கு?"

கதவோரம் நின்ற தபால்காரம்மா, இயக்குநர் கோபப்படப் போகிறார் என்று நினைத்தார். கோபப்பட்டிருந்தால் தபால்காரம்மாவுக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். யாராவது ஒருவர் கோபப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் இயக்குநர் தாளைப் பணிவாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் படுத்திருந்த வக்கீலைப் பார்த்தார். அது கண்ணை மூடியபடி, யாரோ கொடுத்ததை மென்றுகொண்டிருந்தது. இயக்குநர் வரிசைப் பக்கம் திரும்பி, முன்னால் நின்ற ஆளிடம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி கேட்டார்:

"தலைவருக்கு எந்த பிஸ்கட் பிடிக்கும்?"

அந்த ஆள் வானத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால், குடைக் கடை, சாவிக் கடை, பேருந்து நிலையம் வரைக்கும் நின்றிருந்த குடும்பம் முழுவதும், ஒருவர் பாக்கியில்லாமல், கையிலிருந்த பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.